மஞ்சப்பையில் வருமான வரி: சொந்தத் தொழில்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாழ்த்துகள். உங்களுக்கு முதலாளி கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. மாதாமாதம் வரியைப் பிடித்து, ஆண்டு முடிந்ததும் படிவம் 16-ஐ மடித்துக் கையில் கொடுக்கிற கணக்குப் பிரிவும் கிடையாது. அந்த வேலைகள் எல்லாம் இனி உங்களுடையவை. ஆகவே அவற்றைச் செய்யாமல் இருக்கும் உரிமையும் முழுக்க உங்களுடையதே.

நீங்கள் கல்யாணங்களில் படம் எடுப்பவராக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளராக, கிராஃபிக் டிசைனராக, மொட்டை மாடியில் டியூஷன் எடுப்பவராக, கோடம்பாக்கத்தில் வசனம் எழுதுபவராக இருக்கலாம். தொழில் எதுவானாலும் இலக்கு ஒன்றுதான். உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது வங்கிக்குத் தெரியட்டும். பணம் கொடுத்தவருக்குத் தெரியட்டும். வருமான வரித் துறைக்கும் தெரியட்டும். உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்துவந்தால் இது கைகூடும். பாதியை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள், மீதியைப் பார்ப்போம்.

1. ஏப்ரல் 1 அன்று ஒரு நோட்டு வாங்குங்கள்

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டாக இருக்கட்டும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுங்கள். வரவு, செலவு, இருப்பு என்று ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுங்கள். முதல் வரியில் ‘நோட்டு வாங்கியது – ரூ. 90’ என்று எழுதுங்கள். மூடி அலமாரியில் வையுங்கள். இந்த ஆண்டின் கணக்கு வேலை முடிந்தது. அடுத்த ஏப்ரலில் வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கணக்கு எழுதத் தெரியாத சமூகம் அல்ல நாம். எந்த வீட்டின் மொய் நோட்டையும் புரட்டிப் பாருங்கள். 1998-இல் காதுகுத்துக்கு 101 ரூபாய் வைத்தவர் யார், எந்த ஊர், யாருடைய மருமகன், நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு, எல்லாம் இருக்கும். வீடு மாறும்போது நகைப் பெட்டிக்கு அடுத்தபடி பத்திரமாகப் போவது அதுதான். அந்தத் திறமை தப்பித் தவறித் தொழில் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. எல்லாப் பணத்தையும் ஒரே சேமிப்புக் கணக்கில் கொட்டுங்கள்

வாடிக்கையாளர் அனுப்பிய 40,000, சீட்டு எடுத்த 1 லட்சம், மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, ஊரில் நெல் விற்று அம்மா போட்டுவிட்ட பணம் எல்லாம் ஒரே இடத்தில் கூடட்டும். தொழிலுக்கென்று தனிக் கணக்கு திறக்க அரை நாள் ஆகும். இவற்றைப் பிரித்தெடுக்கப் பின்னால் பல வாரம் ஆகும். ஆனால் அது பின்னால்.

யூபிஐ-யில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதைக் காலியாக விடுங்கள். ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு கட்டைவிரல் படம் போடுங்கள். அடுத்த ஆண்டு ஆடிட்டர் ‘இந்த 22,500 என்ன?’ என்று கேட்டால் நீங்களும் அதே கட்டைவிரலைக் காட்டலாம். விளக்கம் சொல்ல முடியாத வரவு உங்கள் வருமானமாகவே கருதப்படலாம் என்று அவர் எச்சரிப்பார். ‘மச்சான்தான் சார் கொடுத்தான்’ என்று உறுதியாகச் சொல்லுங்கள். மச்சானிடம் எழுத்தில் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம், உறவு கெட்டுவிடும்.

அடுத்த முறை கைமாற்றை ரொக்கமாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட முடியும் என்கிறது சட்டம். எவ்வளவு வாங்கினோம் என்பதை நினைவுபடுத்த இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

3. பில்களை வெயிலில் வையுங்கள்

பெட்ரோல் பங்க், பிரிண்டர் மை, கூரியர் என்று எல்லா இடத்திலும் இப்போது வழவழப்பான சின்னத் தாளில்தான் பில் தருகிறார்கள். அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுத்து, வெளிச்சத்தில் கிடந்தால் வெளுத்துப்போகும் பூச்சு மட்டும்தான். கணக்கையும் ஆதாரங்களையும் அந்தந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்தபின் 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பில்லைக் கார் கண்ணாடிக்குக் கீழே செருகி, வேலூர் மே மாத வெயிலில் நிறுத்துங்கள். ஜூன் மாதம் உங்களிடம் பரிசுத்தமான வெள்ளைத் தாள்கள் இருக்கும்.

அக்கறை மிகுந்தவரா? அப்படியானால் பில்லை லேமினேட் செய்யுங்கள். இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுவதும் ஒரே கறுப்பாகிவிடும். வெள்ளைக் கணக்கு கறுப்பாவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

‘போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதுமே’ என்று யாராவது சொல்வார்கள். எடுங்கள். காலை வணக்க ரோஜாக்களுக்கும் அண்ணன் பையன் பிறந்தநாள் வீடியோவுக்கும் நடுவில் அது கிடக்கட்டும். ‘இடம் போதவில்லை’ என்று போன் சொல்கிற அன்று மொத்தமாக அழியுங்கள்.

4. பில் அனுப்பாதீர்கள், அனுப்பினால் எண் போடாதீர்கள்

நீங்கள் அனுப்ப வேண்டிய பில்லுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும்: ‘அண்ணே, நம்ம அமௌண்ட்டக் கொஞ்சம் போட்டு விட்டுடுங்கண்ணே.’ கம்பெனிக்காரர்கள் கேட்டால் மட்டும் பில் தயாரியுங்கள். எல்லா பில்லுக்கும் எண் 001. கோப்புகளுக்குப் பெயர்: பில் ஃபைனல், பில் ஃபைனல் புதுசு, பில் ஃபைனல் இதுதான்.

மார்ச் 28 அன்று அனுப்பிய பில்லுக்கு மே மாதம் பணம் வரும். அது எந்த ஆண்டின் வருமானம்? பில் போட்ட நாளை வைத்தும் கணக்கெழுதலாம், பணம் வந்த நாளை வைத்தும் எழுதலாம். ஆனால் ஒரு முறையை எடுத்தால் அதையே விடாமல் பின்பற்ற வேண்டும். நீங்கள் ஆண்டுக்கொரு முறையை மாற்றுங்கள். சரியாக மாற்றினால் அந்தத் தொகை இரண்டு ஆண்டிலும் வராது. இன்னும் சரியாக மாற்றினால் இரண்டிலும் வரும்.

5. டிடிஎஸ் போனது போனதுதான் என்று நம்புங்கள்

1 லட்சம் பேசினீர்கள், 90,000 வந்தது. தொழில்முறைக் கட்டணத்தில் 10% பிடித்துக்கொண்டு தருவது வழக்கம். ‘பிடிச்சுட்டாங்க’ என்று இரண்டு நாள் புலம்புங்கள். மூன்றாம் நாள் மறந்துவிடுங்கள். அந்த 10,000 உங்கள் பான் எண்ணில், உங்கள் பெயரில், உங்களுக்காக முன்கூட்டியே கட்டப்பட்ட உங்களுடைய வரி என்ற எண்ணத்தைக் கிட்டே அண்டவிடாதீர்கள்.

படிவம் 16ஏ கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வேலை தராமல் போய்விடுவார்களோ என்று கூச்சப்படுங்கள். படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்க்காதீர்கள். பிடித்தவர் அதை அரசுக்குக் கட்டாமலே வைத்திருந்தால் அதில்தான் தெரியவரும். தெரிந்தால் போய்க் கேட்க வேண்டிவரும். கேட்டால் மேற்படிக் கூச்சம்.

தாக்கல் செய்யும்போது கைக்கு வந்த 90,000-ஐ மட்டும் வருமானமாகக் காட்டுங்கள். துறையின் திரையில் 1 லட்சம் என்று இருக்கும். உங்கள் படிவத்தில் 90,000 என்று இருக்கும். இரண்டும் சந்தித்துக்கொள்ளட்டும்.

பான் எண்ணைக் கேட்கிற வாடிக்கையாளரிடம் ‘அதெல்லாம் எதுக்கு சார்?’ என்று இழுங்கள். பான் இல்லையென்றால் 10 அல்ல, 20% பிடிக்க வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு, தேர்ந்தவர்களுக்கு. கம்பெனிகளிடமிருந்து ஆண்டுக்கு 6 லட்சம் ஃபீஸ் வருகிறது, 60,000 பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26-க்குப் புதிய வரித் திட்டத்தில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியே வராது. தாக்கல் செய்தால் அந்த 60,000 வட்டியோடு திரும்பும். அதுவும் இல்லாமல், பிடித்தம் 25,000-ஐத் தொட்டாலே தாக்கல் செய்தாக வேண்டும் என்பது விதி. நீங்கள் டீக்கடையில் நின்று ‘நமக்குத்தான் வரியே இல்லையே, அப்புறம் என்ன தாக்கல்?’ என்று கேளுங்கள். கூட நிற்பவர்கள் ஆமோதிப்பார்கள்.

6. முன்கூட்டிய வரிக்கு நான்கு தேதிகள்; நான்கையும் வேறு காரியங்களுக்கு ஒதுக்குங்கள்

பிடித்தம் போக ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் தவணையாக முன்பே கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15%. செப்டம்பர் 15-க்குள் 45%. டிசம்பர் 15-க்குள் 75%. மார்ச் 15-க்குள் முழுவதும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்; கட்டணம், யூனிஃபார்ம், ஷூ. செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தி, பின்னாலேயே கொலு. டிசம்பரில் சிலருக்குக் கச்சேரி, சிலருக்குச் சபரிமலை. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வீட்டில் கணக்கு என்ற சொல்லை எடுத்தாலே சண்டை. ஆக நான்கு தேதிக்கும் நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. தாமதத்துக்கு மாதம் 1% வட்டி. ஒரே சதவீதம்தானே என்று சொல்லுங்கள். மாதம் என்ற சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள்.

அனுமான வருமானத் திட்டத்தில் (அடுத்த பாடத்தில் வருகிறது) இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. அவர்களுக்கு மார்ச் 15 என்ற ஒரே தேதிதான். நான்கு முறை மறக்கும் சிரமத்தைச் சட்டமே ஒரு முறையாகக் குறைத்துத் தந்திருக்கிறது.

எப்போதாவது மனம் உறுத்திக் கட்டியே தீருவது என்று உட்கார்ந்தால், சலானில் ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுங்கள். 2025-26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. நீங்கள் 2025-26 என்றே அமுக்குங்கள். பணம் அரசிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் வேறோர் ஆண்டின் கணக்கில் ஏறிக்கொள்ளும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வருமான வரிச் சட்டம் இந்த இரட்டைப் பெயரை ஒழித்து ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாக்கிவிட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வளர்ந்த ஒரு குழப்பத்தை இப்படி ஒரே அடியில் தீர்த்தது எங்களைப் போன்ற பயிற்சியாளர்களுக்குப் பேரிழப்பு. நல்ல வேளையாக, பழைய ஆண்டுகளுக்குப் பழைய பெயரே தொடர்கிறது. கொஞ்ச காலம் இரண்டும் ஓடும். பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

7. பாதியைக் காட்டினால் போதும் என்ற சலுகையை முழுதாகப் பாழாக்குங்கள்

பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்றொரு பிரிவு. புதிய சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. பட்டியலில் உள்ள தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானம் என்று காட்டிவிடலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். கணக்குப் புத்தகம் தேவையில்லை, தணிக்கையும் தேவையில்லை. உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதோ என்று சந்தேகம் வரும். இதைக் கெடுக்கத் திறமை வேண்டும்.

முதலில், பட்டியலில் நாம் இருக்கிறோமா என்று பார்க்காதீர்கள். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். திரைப்படக் கலைஞர்கள் என்ற தலைப்பில் ஒளிப்பதிவாளர், எடிட்டர், நடன இயக்குநர், பாடகர், பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பவர் வரை பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நாவல் எழுதுபவரை அழைக்கவில்லை. (அவருக்கு ராயல்டி எவ்வளவு வருகிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.)

அடுத்து, பக்கத்துக் கடைக்காரர் 6 சதவீதம்தான் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு நீங்களும் 6 சதவீதம் காட்டுங்கள். அது வியாபாரிகளுக்கான வேறு பிரிவு. டிஜிட்டலில் வந்த வரவுக்கு 6, ரொக்கத்துக்கு 8. மென்பொருள் ஆலோசகர் ஒருவர் மளிகைக் கடைக்காரராகத் தாக்கல் செய்தால் கணினி முதலில் ஒன்றும் சொல்லாது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பாதியைக் கழித்த பிறகு மறுபடியும் பெட்ரோல், லேப்டாப், வாடகை என்று கழியுங்கள். எல்லாச் செலவும் அந்தப் பாதியிலேயே அடங்கிவிட்டது என்பதை நினைவில் கொள்ளாதீர்கள். இல்லையேல் துணிந்து பாதிக்கும் குறைவாகக் காட்டுங்கள். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால் கணக்குப் புத்தகமும் வேண்டும், தணிக்கையும் வேண்டும். முதல் வரியோடு மூடிவைத்த நோட்டு உங்களிடம் இருக்கிறதே.

8. மார்ச் கடைசி வாரத்தில் வரியை மிச்சப்படுத்துங்கள்

கணக்கெழுதிச் செலவு காட்டுகிற பிரிவினர் கவனிக்க. மார்ச் 30 அன்று, ‘வரி மிச்சமாகும்’ என்று 80,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்குங்கள். கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40%. அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. ஆக 16,000 ரூபாயைச் செலவாகக் கழிக்கலாம். நீங்கள் 20% வரி வரம்பில் இருந்தால் இந்த ஆண்டு மிச்சம் 3,200. எண்பதாயிரம் கொடுத்து மூவாயிரத்து இருநூறை மிச்சப்படுத்திய மகிழ்ச்சியில் ஸ்வீட் வாங்குங்கள். ஸ்வீட்டையும் அலுவலகச் செலவில் எழுதுங்கள்.

தீபாவளிப் பட்டுப்புடவையைப் பணிச் சீருடை என்று எழுதுங்கள். கொடைக்கானலில் குடும்பத்தோடு போட் விட்டது லொகேஷன் பார்த்தது. மகனின் சைக்கிள் போக்குவரத்து. இதற்கெல்லாம் நல்ல கெட்டித் தாளில் பில் இருக்கும். நிஜமான செலவை மட்டும் ரொக்கமாகச் செய்யுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைத் தொழில் செலவாக ஏற்க மாட்டார்கள். ஆகவே இரவு பகலாக உங்களோடு கேமரா தூக்கிய உதவியாளருக்கு 25,000-ஐக் கவரில் போட்டுக் கொடுங்கள். உழைப்பு தள்ளுபடியாகும், சீருடை நிற்கும்.

பிறகு முகவராக இருக்கிற பெரியப்பாவுக்குப் போன் போடுங்கள். ‘80சி-ல கழிச்சுக்கலாம்டா’ என்று ஒரு ஆயுள் காப்பீட்டுப் பாலிசியோடு வருவார். இருபது ஆண்டு கட்ட வேண்டியது. 2023-24 முதல் புதிய வரித் திட்டமே இயல்பான திட்டம். அதில் 80சி கழிவு கிடையாது. பழையதுக்குப் போகத் தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ என்று தனிப் படிவம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லாதீர்கள். அவர் மனசு கஷ்டப்படும். கையெழுத்துப் போடுங்கள்.

9. ஜிஎஸ்டி

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். கூட்டியே பார்க்காதவர் எப்படித் தாண்டுவார்? பதிவு செய்துவிட்டவர்கள், வாடிக்கையாளரிடம் வாங்கிய 18%-ஐ லாபம் என்று கருதிச் செலவழியுங்கள். வெளிநாட்டிலிருந்து டாலரில் வரும் பணம் இந்திய வருமானமே ஆகாது என்று நம்புங்கள். இங்கே குடியிருப்பவருக்கு உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் அது வருமானம்தான் என்று சட்டம் நினைக்கிறது. அது அதன் அபிப்பிராயம்.

10. சாவியைப் பிரவுசிங் சென்டரில் கொடுத்துவையுங்கள்

துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்கு திறக்கும்போது உங்கள் செல்போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பியின் எண்ணையும் அவருடைய மின்னஞ்சலையும் கொடுங்கள். பாஸ்வேர்டு அவருடைய நோட்டில் இருக்கும்; அதே பக்கத்தில் உங்கள் தெருக்காரர்கள் எல்லாருடையதும் இருக்கும். தம்பி கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போனால் உங்கள் ஓடிபியும் துபாய்க்குப் போகும். தகவல்கள் தபாலில் வந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லாம் மின்னஞ்சலில். தம்பி அங்கே மணலில் நின்றுகொண்டு உங்கள் நோட்டீஸைப் படிப்பார். நல்ல பையன். ஆனால் வேலை அதிகம்.

இப்படி வெளியே நிற்பதில் ஒரு நன்மை உண்டு. 2021 நவம்பர் முதல் ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்றை அந்தத் தளத்தில் வைத்திருக்கிறார்கள். யார் யார் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், வங்கி எவ்வளவு வட்டி போட்டது, எந்தப் பங்கை விற்றீர்கள், சேமிப்புக் கணக்கில் பெருந்தொகை ரொக்கம் கட்டினீர்களா என்று பக்கம் பக்கமாக இருக்கும். நீங்கள் எழுதாமல் விட்ட நோட்டை உங்களுக்காக யாரோ விடாமல் எழுதிவருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் இத்தனை மாதப் பயிற்சி வீண். தொகைகளை ஞாபகத்திலிருந்தே போடுங்கள். ஞாபகம் வராத இடத்தில் முழு எண்ணாகப் போடுங்கள்.

11. கடைசி நாளுக்குக் காத்திருங்கள், அதையும் தள்ளிவைப்பார்கள்

2025-இல் ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆனது. செப்டம்பர் 15 முடியும் நேரத்தில் 16 ஆனது. ஆகவே இனி எல்லா ஆண்டும் இப்படித்தான் என்று முடிவு கட்டுங்கள். ‘எப்படியும் எக்ஸ்டென்ஷன் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

கெடு முடிகிற அன்று மஞ்சப்பையை எடுங்கள். துணிக்கடைப் பையும் பரவாயில்லை. ஆனால் மஞ்சப்பைக்கு ஒரு கௌரவம் உண்டு, தமிழ்நாட்டு அரசே 2021-இல் அதை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளைத் தாள்கள், கறுப்புத் தாள்கள், பாதி கிழிந்த பாஸ்புக், போன ஆண்டுக் கரண்ட் பில், ஒரு பல் மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் போடுங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இரவு எட்டு மணிக்கு நுழைந்து மேசைமேல் கவிழ்த்துங்கள்.

‘ரொம்ப சிம்பிள் கேஸ் சார். அஞ்சு நிமிஷ வேலை.’

‘பேங்க் ஸ்டேட்மென்ட் எங்க?’

‘அது போன்ல இருக்கு சார். போன் சார்ஜ்ல இருக்கு.’

‘மொத்தம் எவ்வளவு வந்துச்சு இந்த வருஷம்?’

‘நீங்களே ஏதாவது பாத்துப் போட்டுடுங்க சார். வரி வராத மாதிரி.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மௌனத்தைச் சாதகமாக எடுத்துக்கொண்டு ஃபீஸுக்கு வாருங்கள். ‘ஒரு பட்டன் அமுக்கறதுக்கு இவ்வளவா?’ என்று கேட்டு 500 ரூபாய் குறையுங்கள். பேரம் முடிவதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிடும். இனி தாமதக் கட்டணம் 5,000. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. இதில் பேரம் இல்லை. தொழிலில் நட்டம் வந்திருந்தால் அதை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்லும் வாய்ப்பும் போகும். அப்படியும் 500 மிச்சம்தான்.

12. தாக்கல் செய்ததும் போனை அணையுங்கள்

30 நாளுக்குள் மின் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி போட்டால் ஒரு நிமிடம். செய்யாவிட்டால் கெடுவுக்குள் தாக்கல் செய்ததாகவே ஆகாது. ஆனால் ஸ்வீட் சாப்பிட்டாகிவிட்டதே.

13. நிஜ நோட்டீஸைத் திறக்காதீர்கள். போலியை உடனே திறங்கள்

‘தாக்கல் செய்த படிவத்தில் குறை இருக்கிறது, 15 நாளில் சரிசெய்க’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். பெரும்பாலும் சாதாரண விஷயமாக இருக்கும். ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டிருப்பீர்கள். திறக்காதீர்கள். சாமி படத்துக்கு முன்னால் போனை வையுங்கள். பதினாறாம் நாள் தாக்கலே செல்லாததாகிப் போகும் நிலை வரும், அப்போதும் திறக்காதீர்கள்.

அதே வாரம் ஒரு குறுஞ்செய்தி வரும்: உங்கள் ரீஃபண்ட் 15,490 ரூபாய் தயார், வங்கிக் கணக்கை உறுதிசெய்ய இங்கே தொடுக. ரீஃபண்ட் தர உங்கள் அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் துறைக்கு எதற்கு என்று யோசிக்காதீர்கள். தொடுங்கள். ஓடிபி கேட்டால் சத்தமாகப் படித்துச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் எந்த அரசுக் கடிதத்துக்கும் இவ்வளவு விரைவாகப் பதில் தந்திருக்க மாட்டீர்கள்.

14. இவ்வளவும் முடித்தபின் வீட்டுக் கடனுக்குப் போங்கள்

மேடவாக்கத்தில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட் பாருங்கள். முன்பணம் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு வங்கிக்குப் போங்கள். முன்னால் போனால் முன்பணம் மிஞ்சிவிடும். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் மேலாளர் சில ஆண்டுகளின் வருமான வரித் தாக்கலைக் கேட்பார். பெருமையோடு எடுத்து நீட்டுங்கள்.

அவற்றில் ஆண்டுக்கு 4,80,000 என்று இருக்கும். ஆடிட்டரைக் கெஞ்சி அப்படிப் போடவைத்தது நீங்கள்தான். ‘நிஜத்துல மாசம் ஒரு லட்சம் தாராளமா வரும் சார்’ என்று மேலாளரிடம் சொல்லுங்கள். 2025-26-க்கு அந்த 12 லட்சத்தை அப்படியே காட்டியிருந்தாலும் வரி வந்திருக்காது என்பதை இந்த நேரத்தில் நினைக்க வேண்டாம், வயிறு எரியும்.

முந்தைய ஆண்டுகளைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. புதுப்பிக்கப்பட்ட தாக்கல் என்று ஒன்று உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை செய்யலாம். விட்டுப்போன வரியும் வட்டியும் கட்ட வேண்டும். அதற்கு மேல் முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25% கூடுதல். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50, 60, 70. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, 25-லிருந்து 50 ஆகும்வரை யோசியுங்கள்.

மேலாளர் உங்கள் வங்கிக் கணக்கை ஒரு கையிலும் தாக்கலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, ‘இதுல எது சார் சரியான தொகை?’ என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள்: ‘தெரியல சார். ஆடிட்டரைத்தான் கேக்கணும்.’ அவர் அங்கேயே போனைப் போட்டு ஆடிட்டரைக் கேட்பார். ஆடிட்டர் உங்களைக் கேட்கச் சொல்வார்.